எழுப்ப வேண்டாம் என்றேன்

3 அக்டோபர் 88, திங்கள்

மழை நான்கு மணிக்கே பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பி, பக்கத்து வீட்டுச் சீனத்தியம்மாவின் ஒற்றைச் செருப்பு நம் வாசலில் வந்து ஒதுங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ராத்திரியில ஏன் தினமும் வெக்கியூம் போடுறீங்க அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா என்றேன். நம்பிவிட்டாள் போல.

மிசின், 41ஆம் இரவு.
வலது மூக்கு: முழு அடைப்பு. இடது: பாதி.
மாட்டியது 10.20. கழற்றி எறிந்தது 1.15.
அதற்குப் பிறகு விடியும்வரை குறட்டை. (பெண்சாதி சரோஜா சொன்னது. எனக்கு எப்படித் தெரியும்.)

முப்பது வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர், டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் வேலை பார்க்கிறவன். ஊரார் மூக்குக்கும் தொண்டைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தே சோறு தின்றவன். சொந்த மூக்கிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மிசினைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் ஒழுங்காக எழுதவில்லை. மகள் மாலதி மெல்பர்னில் நர்ஸ். மார்ச்சில் அவள் பிரசவத்துக்குப் போயிருந்தோம். என் குறட்டை கேட்டு, பிள்ளை பெற்றவள் பிள்ளையை விட்டுவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஒரு ராத்திரி ஒயர்களோடு படுக்கவைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நிற்கிறதாம், மணிக்கு நாற்பது தடவை. ஆகஸ்டில் மாலதியின் சிநேகிதி ஒருத்தி மிசினைச் சுமந்து வந்தாள். தையல் மிசின் பெட்டி அளவு, அதைவிடக் கனம். உள்ளே மோட்டார், அந்தச் சத்தம்தான் சீனத்தியம்மாவுக்கு வெக்கியூம். குழாய் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். குழாய் நுனியில் உள்ள மூடி மூக்குக்கு மட்டும்தான், வாயைப் பொத்திக்கொண்டு தூங்க வேண்டும். ஆக மூக்கு அடைத்தால் எல்லாம் வீண். காற்றோ வறட்டுக் காற்று. அது போகப் போக மூக்கு உள்ளே வீங்குகிறது.

இதுவரை செய்து பார்த்தவை:
ஆவி. அரைமணி நேரம் சுகம்.
தைலம். மூடியின் ரப்பர் வழுக்கிக் காற்றெல்லாம் கண்ணில் அடித்தது.
ஓமம் வறுத்துத் துணியில் கட்டி முகர்தல். தும்மல்.
இரண்டு தலையணை. கழுத்து வலி.
எபிட்ரின் சொட்டு. உடனே திறக்கிறது. நாலு மணி நேரத்தில் முன்னைவிட மோசமாக அடைக்கிறது. தெரிந்தே விடுகிறேன்.

மெல்பர்ன் டாக்டர் சரோஜாவைத்தான் முதலில் கேட்டார், ராத்திரியில் என்ன நடக்கிறது என்று. இவள் தமிழில் சொன்னாள், மாலதி மாற்றிச் சொன்னாள். "ராத்திரி மூச்சு நின்னு நின்னு போகுது. நான் தட்டுனாத்தான் திரும்ப வருது." டாக்டர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அதே வார்த்தைகளை அதற்கு முன் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 1976இல். சொன்னவள் அஞ்சலை. அன்றைக்கு நான் சிரித்தேன்.

இதை எழுத ஏழு மாதமாக நோட்டைத் திறந்து மூடுகிறேன். இன்றைக்கும் இவ்வளவு போதும். மூக்கு ஒழுகுகிறது.

4 அக்., செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. மிசின் மூன்று மணி நேரம். வ. அடைப்பு, இ. அடைப்பு. சொட்டு இரண்டு தடவை.

எழுதிவிடுகிறேன்.

சிலிம் ரிவர் பக்கம் பத்தாங்கட்டை ரப்பர்த் தோட்டம். விடிவதற்கு முன் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிடும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு வரிசை நிற்கும். நிஜக் காய்ச்சல்காரனும் மட்டம் போடுகிறவனும் ஒரே வரிசையில். பிரிப்பது என் வேலை. ஆம்பிளை எவனாவது வந்து தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் என்றால் என் பேனா தானாக எழுதும்: கள்ளு. முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். அந்தத் திமிர்.

மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவன். கட்டையான ஆள், கழுத்து இருக்கும் இடம் தெரியாது. அவன் குறட்டை லயத்து வீடுகள் முழுக்கப் பிரசித்தம். மிசின் மாரி என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தில் சாய்ந்து தூங்கிக் கங்காணியிடம் பலமுறை மாட்டியவன். அவன் பெண்சாதி அஞ்சலை ஒரு நாள் தனியாக வந்து வரிசையில் நின்றாள்.

"ஐயா, அவருக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு போகுதுங்க. நான் தட்டி எழுப்புனாத்தான் வருது."

நான் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "மூச்சு நின்னவன் எப்படிம்மா இன்னைக்குப் பெரட்டுக்கு வந்தான்? ஆவியா வந்தானா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் நாலு பேரைச் சிரிக்கவைத்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும் என்று நினைக்கிற ஜாதி நான்.

"அவரு கள்ளு குடிக்கிறதில்லைங்க ஐயா" என்றாள். எல்லாப் பெண்சாதியும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அதற்கும் சிரிப்பு. பிறகு உத்தரவு போட்டேன். "அவனைத் தட்டி எழுப்பாத. நீ எழுப்பி எழுப்பித்தான் பகல்ல தூங்கி விழுறான். நிம்மதியாத் தூங்க விடு." இரும்புச்சத்து மாத்திரை பத்து கொடுத்து அனுப்பினேன். புத்தகத்தில் எழுதியது: கள்ளு. மனைவி தூக்கத்தைக் கெடுக்கிறாள்.

ஒன்பது மாதம் கழித்து விடியற்காலையில் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போகும்போதே மாரிமுத்துவின் உடம்பு குளிர்ந்திருந்தது. முப்பத்தெட்டு வயது. மாரடைப்பு என்று எழுதினேன். குடித்திருந்தானா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். வாடையே இல்லை.

அவள் என் பேச்சைக் கேட்டாள், எழுப்பாமல் விட்டாள், அவன் செத்தான். மார்ச்சிலிருந்து நான் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான். நிச்சயமாகச் சொல்ல முடியாது, பெரிய டாக்டராலும் முடியாது. ஆனால் எனக்குத் தெரிகிறது.

அஞ்சலை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சவத்துக்கு வேன் பிடித்துக் கொடுத்ததற்காகக் கும்பிட்டாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மகன் கணேசனோடு சிம்பாங் பூலாய்க்குப் போனாள். அங்கே கல்லுடைக்கிற இடத்தில் கேண்டீன் சமையல். மாதம் ஒரு தடவை ஈப்போ வரும்போது புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போவாள். டிரஸர் ஐயா இன்னும் அவளுக்குச் சாமி மாதிரி.

ஆகஸ்டிலிருந்து அவள் வரும் நாளில் மிசின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைக்கிறேன்.

6 அக்., வியாழன்

மாலதி கடிதம். பிள்ளைக்குப் பல் முளைக்கிறதாம். படம் இரண்டு. பிள்ளை என் மூக்கோடு பிறந்திருக்கிறது, பாவம்.

கடிதத்தின் மீதி எனக்கு அர்ச்சனை. சொட்டு மருந்தை இன்றைக்கே நிறுத்த வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் மூக்கு அடைத்தே கிடக்கும், பொறுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவ வேண்டும், காலையும் படுக்குமுன்னும். ஃபேனை நேராக முகத்துக்கு வைக்கக் கூடாது. "அப்பா, நீங்கதானே எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கணும்" என்று முடித்திருக்கிறாள்.

சொல்லிக் கொடுத்தேனா? இந்தச் சொட்டைச் சின்னச் சின்னக் குப்பியில் ஊற்றித் தோட்டம் முழுக்கக் கொடுத்தவன் நான். எத்தனை மூக்கு இதற்கு அடிமை ஆனதோ. குப்பியைக் குப்பையில் போட்டேன். பத்து நிமிஷம் கழித்து எடுத்து அலமாரிமேல் வைத்தேன். சரோஜா அதை எடுத்து மறுபடி குப்பையில் போட்டாள்.

உப்புத் தண்ணீர்: முதல் முயற்சி. கை குழித்து உறிஞ்சினேன். நெற்றிக்குள் கத்தி ஏறிய மாதிரி. உப்புக் குறைவு. இரண்டாவது முயற்சி தொண்டையில் இறங்கிப் புரையேறியது. ச. வாசலில் நின்று சிரித்தாள். நாங்கள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

வாங்க: உப்பு, பேட்டரி இரண்டு, ச.வுக்கு முட்டிவலி எண்ணெய்.

8 அக்., சனி

அஞ்சலை வந்தாள். காலை பத்து மணி. ஒரு பை மரவள்ளிக் கிழங்கு, கேண்டீன் பின்னால் அவளே நட்டது. கால் முழுக்கக் கல்தூசி, வெள்ளை வெள்ளையாக. கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ச. தேத்தண்ணி போடப் போனாள். மிசின் துண்டுக்குள்.

நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்போதும்போல நுனியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"கணேசனுக்கும் அவங்கப்பா மாதிரியே ஆயிட்டுதுங்க ஐயா. போன வாரம் சிம்பாங் பூலாய் லைட்டுல லோரிய நிறுத்திட்டு அப்படியே தூங்கிட்டான். பின்னாடி எல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க, இவனுக்கு ஒண்ணும் தெரியல. மொதலாளி தவுக்கே கூப்ட்டு, இன்னொரு தரம் தூங்குனா வேற டிரைவர் பாத்துக்குறேன்னுட்டாரு."

ராத்திரி எப்படி என்று கேட்டேன்.

"மூச்சு நிக்குதுங்க. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். எழுப்பல. இந்தத் தடவ எழுப்பலங்க ஐயா."

"இந்தத் தடவன்னா?"

"அன்னைக்கு நீங்க எழுப்பாதேன்னு சொன்னீங்க. நான் கேக்கலையே. மனசு கேக்காம தினம் எழுப்புனேன். ஒம்பது மாசம். ஒரு ராத்திரி ஒடம்பு அசந்து நானும் தூங்கிட்டேன். காலைல பாத்தா ஆளு இல்ல. நீங்க சொன்னது சரிதாங்க. தூங்க விடாம விடாம நாந்தான் அவர ஓய்ச்சு ஓய்ச்சுக் கொன்னுட்டேன். புள்ளைக்கும் அதயே பண்ணக் கூடாதுல்லீங்க?"

என் கணக்கு முழுக்கத் தப்பு. அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை. ஒன்பது மாதம் ஒரு மனுஷனை ராத்திரி ராத்திரியாகக் கையால் பிடித்து வைத்திருந்தாள். அவள் தூங்கிய ஒரே ராத்திரியில் போய்விட்டான். என் வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தச் சாவைத் தலைகீழாகப் படித்து, பன்னிரண்டு வருஷமாகத் தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இது:

"எழுப்பு அஞ்சலை. இனிமே எழுப்பு. மூச்சு நின்னா உடனே தட்டு. ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு. நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதித் தாரேன்."

"அப்ப எழுப்பாதேன்னீங்களே ஐயா?"

"இப்ப மருத்துவம் மாறிப்போச்சு."

"சரிங்க ஐயா" என்றாள். ஒரு கேள்வி இல்லை. லெட்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ச.விடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனாள்.

மருத்துவம் மாறிப்போச்சாம். கோழைப்பயல்.

9 அக்., ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. சொட்டு இல்லாமல் மூன்றாம் நாள். இரண்டு மூக்கும் சிமென்ட் போட்ட மாதிரி. மிசின் மாட்டியதும் மூச்சு முட்டி ஒரு நிமிஷத்தில் கழற்றினேன்.

ச. நேற்றிலிருந்து என்னிடம் அளவாகப் பேசுகிறாள். சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், போய்விடுகிறாள். சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மருத்துவம் மாறிடுச்சா?" என்று கேட்டாள்.

கிழங்கைத் தின்றேன். நன்றாக வெந்திருந்தது.

இவளையும் விட்டேனா? கல்யாணமான நாளிலிருந்து ராத்திரியில் என் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "தூங்க விடுடி சனியனே" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஒரு தடவை கையைத் தள்ளிவிட்டதில் வளையல் உடைந்து கீறிவிட்டது. மறுநாள் நானே மருந்து போட்டேன், நாட்டுக்கு உபகாரம் செய்த மாதிரி. இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவள் தட்டிய தட்டில்தான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறேன்.

அவளிடம் இதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

12 அக்., புதன்

ஆறாம் நாள். வ. லேசாகக் கசிகிறது, அதாவது காற்று. இ. இன்னும் அடைப்பு. மிசின் ஐம்பது நிமிஷம். உப்புத் தண்ணீர் பழகிவிட்டது. தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மெதுவாக. உறிஞ்சக் கூடாது, தானாகப் போக விட வேண்டும். முப்பது வருஷ டிரஸருக்கு இப்போதுதான் மூக்கு கழுவத் தெரிகிறது.

நாலைந்து ராத்திரியாக மிசினைச் சரியாகப் போட முடியாததில் பகலெல்லாம் தூக்கம். இன்றைக்கு முடிவெட்டப் போனேன். கத்தரிக்கோல் சத்தத்திலேயே தூங்கி, தலை ஆடி, காதோரம் ஒரு வெட்டு. முடிவெட்டுகிற தம்பி பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். பிறகு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். கண்ணைத் திறக்காமலே காதில் விழுந்தது, இரண்டு பொடியன்கள்:

"பாரு மச்சான், பெருசு பகல்லயே ஊத்திட்டான்லா."

"கள்ளா, சம்சுவா?"

சிரிப்பு.

கண்ணைத் திறந்து நான் குடிப்பதில்லை என்று சொல்லத் தோன்றியது. யார் நம்புவார்கள். கண்ணை மூடியே இருந்தேன், அவர்கள் பஸ் ஏறுகிறவரை. மாரிமுத்து இந்த முகத்தோடுதான் அத்தனை வருஷமும் வரிசையில் நின்றிருப்பான். வெட்கமாக இருக்கிறது. அவனைக் கண்டுகொள்ளாததற்கு மட்டுமல்ல. இது எனக்கு வருகிறவரை புரியாமல் போனதற்கு.

அஞ்சலையிடம் சொல்ல வேண்டியவை:
1. அவனுக்கு வியாதி. கள்ளு இல்லை.
2. எனக்கும் அதே வியாதி. மிசினைச் சொல்ல வேண்டும்.
3. எழுப்பியது சரி.
4. நான் சொன்னது தப்பு.

நாலாவதை முதலில் சொல்ல வேண்டும். பட்டியல் போடும்போதுகூடக் கடைசியில் தள்ளியிருக்கிறேன்.

மூக்கு சரியாகட்டும், அப்புறம் போகலாம் என்று தோன்றுகிறது. மூக்கால் எனக்கு எத்தனை சௌகரியம்.

14 அக்., வெள்ளி

வ. திறப்பு!! இ. முக்கால்.
மிசின் 10.00 முதல் 4.10 வரை. ஆறு மணி நேரம். இதுவரை இப்படி இல்லை.

விழித்தபோது தலைவலி இல்லை. வாய் வறளவில்லை. சுவரில் பல்லி, அதைக்கூடப் பிடித்திருந்தது. ச. பக்கத்தில் திரும்பிப் படுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளும் நேற்று முழு ராத்திரி தூங்கியிருக்கிறாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ.

படுத்தபடியே யோசித்தேன். எனக்கு மகள் வெளியூரில், மிசின் அனுப்புகிறாள், கடிதம் போட்டுத் திட்டுகிறாள். மாரிமுத்துவுக்கு இருந்தது அஞ்சலையின் கை ஒன்றுதான். அதையும் எடு என்று சொன்னவன் நான்.

காப்பி கொடுக்கும்போது ச.விடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் போகிறேன் என்று. "நானும் வரவா?" என்றாள். வேண்டாம் என்றேன். சட்டை இஸ்திரி போட்டு வைத்தாள், கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு மாதிரி.

16 அக்., ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். மூக்கு இரண்டும் திறப்பு. சாக்கு எதுவும் மிச்சமில்லை.

11.30 பஸ். பக்கத்தில் ஒரு அம்மா கோழிக் கூண்டோடு. சிம்பாங் பூலாயில் இறங்கி ஒரு மைல் நடை. மலையைப் பாதி வெட்டி எடுத்திருக்கிறார்கள். மரம், கூரை, நாய் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. நடக்கும்போதே இ. மூக்கு அடைக்கத் தொடங்கியது. அங்கே தினமும் மூச்சு விடுகிறவர்களை நினைத்தேன்.

கேண்டீனுக்குப் பின்னால் பலகை வீடு, ஒரே அறை. முன்னால் தகரம் போட்ட கொட்டகை. அஞ்சலை வாசல் கதவோரம் பலகையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கணேசன் உள்ளே, சாப்பிட்டுவிட்டுப் பாயில். அவன் குறட்டை ரோட்டிலேயே கேட்டது. அப்பனை உரித்து வைத்த உடம்பு, கழுத்து இல்லை. அவன் கால் கதவுக்குப் பக்கம் இருந்தது. சத்தம் நிற்கும்போதெல்லாம் அவள் நெத்திலி கையை முந்தானையில் துடைத்துவிட்டு, எட்டி அவன் காலைத் தட்டினாள். பார்க்காமலே தட்டினாள். சத்தம் திரும்ப வந்தது.

என்னைப் பார்த்து எழுந்து பதறினாள். "ஐயா! ஏங்க நீங்க வந்தீங்க, சொல்லி அனுப்பினா நான் வந்திருப்பேன்ல. லெட்டர் குடுத்தாச்சுங்க, செவ்வாக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க." காப்பி போடப் போனவளை நிறுத்தி உட்காரச் சொன்னேன். நானும் பலகையிலேயே உட்கார்ந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று துணி விரித்தாள்.

நாலாவதை முதலில் சொன்னேன்.

"அஞ்சலை, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மருத்துவம் மாறல. நான்தான் தெரியாம சொன்னேன். தெரியாதுன்னுகூடச் சொல்லாம, கிண்டல் பண்ணி அனுப்பினேன்."

அவள் நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். மீதியைச் சொன்னேன். வியாதியின் பெயர், மெல்பர்ன், மிசின், துண்டு போட்டு மூடி வைத்தது, எல்லாம். மாரிமுத்துவுக்கு இது இருந்திருக்கும், கள்ளு இல்லை என்றேன். கை நின்றது.

"அப்ப நான் எழுப்புனது?"

"சரி."

"நிச்சயமாங்க?"

"அவன் எதனால செத்தான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா நீ எழுப்புனது தப்பில்ல. அது நிச்சயம். ஒம்பது மாசம் அவன் இருந்தது ஒன்னாலதான்னு நான் நினைக்கிறேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கல்லுடைக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடவை கணேசன் காலைத் தட்டினாள்.

"அன்னைக்கு வரிசையில எல்லாரும் சிரிச்சாங்களே" என்றாள். "நானும் சிரிச்சேங்க ஐயா. ஐயா சிரிக்கிறப்ப சிரிக்காம எப்படின்னு சிரிச்சேன். வீட்டுக்குப் போயி அவருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு."

பலகையில் சிந்தியிருந்த நெத்திலித் தலைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டேன்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க ஒங்களுக்கு?"

"மார்ச்சுல."

விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரல், மே, ஜூன். உதடு அசைந்தது.

"அதுக்கப்புறம் ஏழு தடவ ஒங்க வூட்டுக்கு வந்திருக்கேன்."

"ஆமா."

"ஏழு தடவ" என்றாள் மறுபடி. குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடு என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நெத்திலித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் கிள்ளவில்லை.

அப்போது உள்ளே குறட்டை நின்றது.

இரண்டு பேருக்கும் கேட்டது. நான் அவள் கையைப் பார்த்தேன். கை தட்டின்மேலேயே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து தாண்டியது. அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க எழுப்புங்க" என்றாள். ஐயா போடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மண்டி போட்டு அவன் தோளைத் தட்டினேன். மூச்சு வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். வந்தது.